காரின் வயிற்றில் கடிகாரம்

வீட்டில் எந்தச் சப்தம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை நன்றாக அறிந்தவள் வீட்டுக்காரி. பின்கட்டில் குழாய் சொட்டுவதும், பால் பொங்கி எழுவதற்குச் சற்று முன்னால் போடும் மெல்லிய 'உஸ்'ஸும், தாளிக்கும்போது கடுகு வெடித்து ஓய்கிற அந்தக் கணமும் அவள் காதுக்குத் தப்புவதில்லை. மிக்ஸிக்குள் ஒரு புளியங்கொட்டை விழுந்துவிட்டால், கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவளுக்கோ சட்டென்று தெரிந்துவிடும். ஓடி வந்து ஸ்விட்சை அணைத்துவிடுவாள்.

இப்படிப்பட்ட காது மோட்டார் காரில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் சும்மா இருக்குமா? "என்னங்க, முன்பக்கம் ஏதோ டிக் டிக் என்கிறதே?" என்று கேட்கத்தான் செய்யும். அதற்கு வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று. "அதெல்லாம் ஒன்றுமில்லை, பேசாமல் வா" என்று அந்தக் கேள்வியை அப்படியே அமுக்கிவிடுவார்கள். அல்லது, கேட்டவரைவிடப் பதில் சொல்ல வேண்டியவர் அதிகமாகப் பயந்துபோய், மறுநாளே காரை ஏதாவது ஒரு பட்டறையில் கொண்டு போய் நிறுத்திவிடுவார். முதல் வழியில் என்றாவது ஒரு நாள் நிஜமான ஆபத்தைக் கோட்டை விடுவோம். இரண்டாவது வழியில் பணத்தைக் கோட்டை விடுவோம்.

இந்த வாரம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம். வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்பு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். மூன்று சிலிண்டர், டர்போ உள்ளது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் உறுமுகிறதாம். பிறகு உறுமல் அடங்கி, தையல் மெஷின் ஓடுவது போல் 'டிக் டிக் டிக்' என்று ஓயாமல் ஒரு சப்தம் கேட்கிறதாம். வீட்டுக்காரர் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் "டாப்பெட் அடிக்கிறது அம்மா" என்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரரோ பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜெக்டர் மூன்றும் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார். கையில் இருக்கும் பணம் மகளுடைய கல்லூரிச் சம்பளத்துக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்தது. "அந்தப் பணத்தை எடுக்கலாமா? எடுக்காவிட்டால், குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சின் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறதே!" என்று கேட்கிறார்.

நியாயமான கவலை. பதில் சொல்வதற்கு முன்னால், அந்த 'டிக் டிக்' எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

வாசலில் தூவுவதும் அறைக்குள் தூவுவதும்

அம்பாஸடர், பியட் கார்களின் காலத்தில் பெட்ரோல் எஞ்சினுக்குள் போன விதமே வேறு. கார்புரேட்டர் என்று ஒரு சாதனம் இருந்தது. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகலான தொண்டை வழியாகப் பாயும்போது, ஒரு சிறு துவாரத்திலிருந்து பெட்ரோலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இந்தக் காரியம் பெரும்பாலும் சத்தமில்லாமலே நடந்து வந்தது.

பிறகு கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. இது பெட்ரோலைப் பன்னீர்ச்செம்பு மாதிரி தூவும். ஆனால் சிலிண்டருக்குள் அல்ல. சிலிண்டரின் வாசலில், காற்று நுழைகிற குழாயில்தான் தூவிற்று. இதற்கு 3 அல்லது 4 பார் அழுத்தம் போதும். 'பார்' என்றால் என்ன என்கிறீர்களா? நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பிரஷர் குக்கர் விசில் அடிக்கும் சமயம் அதற்குள்ளே வெளியில் இருப்பதைவிட ஏறக்குறைய 1 பார் கூடுதலாக இருக்கும். கார் டயரில் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேலே.

இப்போது வரும் பல கார்களில் பெட்ரோலை வாசலில் தூவுவதில்லை. நேரே சிலிண்டருக்குள், நெருப்பு எரிகிற அறைக்கே கொண்டு போய்ப் பீய்ச்சுகிறார்கள். இதைத்தான் 'டைரக்ட் இன்ஜெக்‌ஷன்' என்பது. காரின் பெயரோடு 'ஜி.டி.ஐ.', 'டி.எஸ்.ஐ.' என்றெல்லாம் எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்த ரகமாகவே இருக்கும்.

வாசலில் தூவுவது சுலபம். உள்ளே தூவுவது லேசில்லை. பெட்ரோல் போய்ச் சேர்ந்து, ஆவியாகி, காற்றோடு கலக்கச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகளே கிடைக்கும். ஆகையால் அதைப் பனித்துளியைவிட நுண்மையாக உடைத்துப் பீய்ச்ச வேண்டும். அதற்கு வேண்டிய அழுத்தம் என்ன தெரியுமா? இன்றைய பல எஞ்சின்களில் 200 முதல் 350 பார் வரை! குக்கரை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் மேல் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே போல், சிலிண்டருக்குள் பீய்ச்சிய பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர வைக்கிறது. காற்று குளிர்ந்திருந்தால் அதை இன்னும் இறுக்கி அமுக்கலாம், அகாலத்தில் வெடிக்காது. ஆகவே சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வேலை வாங்கலாம். 2019-ல் ஹூண்டாய் வென்யூ கார் வெளிவந்தபோது அதில் இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் கிடைத்தன. வாசலில் தூவும் 1197 சி.சி. எஞ்சினுக்கு 83 குதிரைசக்தி. உள்ளே பீய்ச்சுவதும் டர்போவும் சேர்ந்த 998 சி.சி. எஞ்சினுக்கு 120 குதிரைசக்தி. உருவத்தில் சின்னது, சாமர்த்தியத்தில் பெரியது!

டிக் டிக் போடுவது யார்?

இருவர் சேர்ந்து செய்யும் வேலை இது.

ஒருவர், அந்த அசாத்திய அழுத்தத்தை உண்டாக்கும் பம்பு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு தண்டில் மூன்று அல்லது நான்கு புடைப்புகள் இருக்கும். ஒவ்வொரு புடைப்பும் வந்து இடிக்கும்போது பம்பின் சிறு உலக்கை மேலே போகும், பெட்ரோல் அழுந்தும். எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்குப் பார்த்து ஒரு மின்சார வால்வு 'டக்'கென்று மூடும், 'டக்'கென்று திறக்கும். உலக்கையும் சப்தம் போடும், வால்வும் சப்தம் போடும்.

மற்றவர், இன்ஜெக்டர். அதற்குள் ஒரு ஊசி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் ஊசி மேலே எழும்பும், பெட்ரோல் பீய்ச்சும். மின்சாரம் நின்றதும் வில் அதைத் திரும்பத் தள்ளும். ஊசி தன் இருக்கையில் 'டிக்'கென்று வந்து உட்காரும். உலோகத்தின் மேல் உலோகம் விழுந்தால் சப்தம் வராமல் இருக்குமா? அதிலும் இந்த இன்ஜெக்டர், சிலிண்டரின் தலைப்பாகத்து உலோகத்திலேயே இறுகப் பதிந்திருப்பது. ஆகவே 'டிக்' என்பது எஞ்சின் முழுவதிலும் பரவி வெளியே வருகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கார் நின்ற இடத்திலேயே ஓடும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் பெட்ரோல் வேண்டும். அதாவது நிமிஷத்துக்கு 400 தரம். மூன்று சிலிண்டருக்கு 1200 தரம். வினாடிக்கு 20 'டிக்'! ஒரு தரம் பீய்ச்ச வேண்டியதையே இரண்டு மூன்றாகப் பிரித்துப் பீய்ச்சுகிற எஞ்சின்களும் உண்டு. அப்போது எண்ணிக்கை இன்னும் ஏறும். வேகமாகத் தைக்கும் தையல் மெஷினின் ஓசைக்கு இது மிகவும் பக்கத்தில் வந்துவிடுகிறது அல்லவா? கோயமுத்தூர்ச் சகோதரியின் காது பொய் சொல்லவில்லை.

கார் வேகமாகப் போகும்போது இந்த 'டிக்'குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். டயரின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் சேர்ந்து மறைத்துவிடும். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும், இரு பக்கமும் சுவர் உள்ள போர்ட்டிகோவிலும், அடுக்கு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்திலும் நன்றாகக் கேட்கும். சுவரில் பட்டுத் திரும்புவதுதான் காரணம். கார் உற்பத்தி செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எஞ்சின் மேல் பஞ்சு வைத்த ஒரு மூடியைப் போட்டு, சிலர் பம்புக்கும் தனியாகக் கம்பளி போர்த்துகிற மாதிரி உறை போட்டு அனுப்புகிறார்கள். சர்வீஸ் செய்தவர் அந்த மூடியைத் திரும்பப் பொருத்த மறந்துவிட்டால், மறுநாள் காரில் புதிதாக ஏதோ கோளாறு வந்துவிட்டதாகத் தோன்றும்!

எழுபது வருஷத்துக் கதை

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. 1930-களின் கடைசியிலேயே ஜெர்மானிய ஆகாய விமான எஞ்சின்களில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சினார்கள். 1954-ம் வருஷம் பிப்ரவரி மாதம் நியூயார்க் நகரத்துக் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் பென்ஸ் கம்பெனியார் '300 எஸ்.எல்.' என்ற காரை வைத்தார்கள். கதவைத் திறந்தால் பறவை இறக்கையை விரிப்பது போல் மேலே எழும்பும். பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பிரமித்தது எஞ்சினைப் பார்த்து. அதே கம்பெனியின் பெரிய காரில் கார்புரேட்டரோடு 115 குதிரைசக்தி கொடுத்த 3 லிட்டர் எஞ்சின், இதில் பெட்ரோலை நேரே பீய்ச்சியும் வேறு சில மாறுதல்கள் செய்தும் 215 குதிரைசக்தி கொடுத்தது.

அதில் ஒரு தொந்தரவும் இருந்தது. பம்பு முழுவதும் யந்திரத்தால் ஓடுவது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்சின் சுற்றி ஓய்கிற வரையில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயை அலம்பிவிடும். இப்போது இந்த அதிகாரமெல்லாம் கம்ப்யூட்டர் கையில். எத்தனை துளி, எந்தக் கணத்தில் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. 1996-ல் ஜப்பானில் மிட்ஸுபிஷி கம்பெனியார் கம்ப்யூட்டர் ஆட்சியோடு இந்த முறையை 'காலன்ட்' என்ற குடும்பக் காருக்குக் கொண்டு வந்தார்கள். பிறகு ஐரோப்பாவிலும் பரவி, நம் ஊர்த் தெருக்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

காலை உறுமல்

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் உறுமுவது ஏன்? ராத்திரி முழுவதும் நின்ற கார், சென்னை வெயிலில் நின்றிருந்தாலும்கூட எஞ்சின் கணக்குப்படி அது 'குளிர்ந்த' கார்தான். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரி சென்டிகிரேடுக்கு வந்தால்தான் அதற்குச் சுகம்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புகைக்குழாயில், கெட்ட வாயுக்களைச் சுத்தம் செய்ய 'காட்டலிடிக் கன்வர்ட்டர்' என்ற ஒரு சாதனம் இருக்கிறது. சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறும் வரையில் அது வேலையே தொடங்காது. அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டுகிறது. பொறி விடுவதைத் தாமதப்படுத்துகிறது. பெட்ரோலைப் பிரித்துப் பிரித்துப் பீய்ச்சுகிறது. இதனால் எஞ்சின் கரகரப்பாகக் கத்தும். பழைய டீசல் வண்டியோ என்று கூடத் தோன்றும். அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலோ ஆனதும் தானாகவே குரல் இறங்கிவிடும். உங்கள் தெருக் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்காக எஞ்சின் போடும் கூச்சல் இது.

இதைக் கேட்டு, "சூடு ஏறட்டும்" என்று பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சில வினாடிகள் கழித்துக் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும். நாலு பக்கமும் அடைத்த ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடுவது கூடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

கேட்டால் கவலைப்பட வேண்டாதவை

சாவியைத் திருப்பியவுடன் அல்லது கதவைத் திறந்தவுடனே பின்ஸீட்டுப் பக்கம் ஒரு மெல்லிய 'ங்ஙீ' என்ற முனகல். பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் சிறு பம்பு முன்கூட்டியே பெட்ரோலைத் தள்ளுகிறது.

ஏ.ஸி. போட்டதும் 'டக்' என்று ஒரு தட்டு. எஞ்சின் சப்தமும் கொஞ்சம் மாறும். கம்ப்ரஸர் வேலைக்கு வந்துவிட்டது.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மெல்லிய விசில், காலை எடுத்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. டர்போவின் சுபாவம்.

மூன்று சிலிண்டர் காரில், நிற்கும்போது ஸீட்டில் லேசான அதிர்வு. மூன்று காலால் நடப்பவனுக்கு நாலு கால் நடை வருமா?

காரை நிறுத்தி அணைத்த பிறகு அடியில் 'டிங்… டிங்…' என்று அபூர்வமாக ஒரு சப்தம். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறும்போது முணுமுணுப்பது போல, சூடான புகைக்குழாய் ஆறிச் சுருங்குகிறது.

அணைத்த பிறகும் முன்பக்கத்து விசிறி சுற்றுவது. சூட்டைத் தணிக்கத்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை: எஞ்சின் நின்றிருக்கும்போதுகூட இந்த விசிறி திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும். பானெட்டைத் திறந்து குனிந்து பார்க்கிறவர்கள் புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் பின்னலையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். இன்ஜெக்டருக்குப் போகும் உலோகக் குழாய்களைத் தொட்டு அசைத்துப் பார்ப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைத்தான் முன்பே சொல்லிவிட்டேனே!

கேட்டால் காரை நிறுத்த வேண்டியவை

நல்ல சப்தத்தைத் தெரிந்துகொள்வதே கெட்ட சப்தத்தைப் பிரித்து அறிவதற்காகத்தான். இன்ஜெக்டரின் 'டிக்' மெல்லியது, சீரானது, கார் வாங்கிய நாள் முதல் இருப்பது. எஞ்சின் வேகத்தோடு அதன் வேகமும் ஏறும், இறங்கும். ஆனால் குரல் தடிக்காது.

கனமான 'டங் டங்', யாரோ உள்ளேயிருந்து சுத்தியால் அடிக்கிற மாதிரி கேட்டால், அதிலும் வேகத்தோடு கூட அதுவும் பலத்தால், காரை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். உள்ளே தாங்கிகள் தேய்ந்திருக்கலாம்.

எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், சப்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே நிறுத்த வேண்டும். "வீடு பக்கத்தில்தானே இருக்கிறது" என்று நினைக்கவே கூடாது. எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கு அந்தப் பக்கத்து வீடே மிகத் தூரம்.

மேல் கியரில் மெதுவாகப் போகும்போது, மேட்டில் ஏற ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக அழுத்தினால் 'டங்' என்று முரட்டு அடி விழுந்தால் அதுவும் நல்லதல்ல. டர்போவோடு நேரே பீய்ச்சும் எஞ்சின்களில் பொறி விடும் முன்னாலேயே பெட்ரோல் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டனையே உடைக்கக் கூடியது. ஒரு கியர் இறக்கி ஓட்டுவதும், சரியான எஞ்சின் எண்ணெய் போடுவதும் இதற்குப் பாதுகாப்பு. இதைத் தடுக்கவென்றே சோதித்த எண்ணெய் ரகங்கள் வந்திருக்கின்றன. 2020-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம் அவற்றில் ஒன்று. உங்கள் காரின் கைப்புத்தகத்தில் எது எழுதியிருக்கிறதோ அதையே போடச் சொல்லுங்கள்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்து, காரும் குலுங்கினால், ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. வேகத்தைக் குறைத்துப் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். மினுக்காமல் நிலையாக எரிந்தால் சீக்கிரத்தில் காட்ட வேண்டும்.

பெட்ரோல் வாசனை அடித்தால் காதுக்கு வேலையே இல்லை. அணையுங்கள், குழந்தைகளை இறக்குங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்.

சீட்டுப் பணத்தைத் தொடலாமா?

இனி அந்தச் சகோதரிக்குப் பதில் சொல்லலாம். அவர் எழுதியிருப்பதில் விளக்கு எரிந்ததாக இல்லை. கார் குலுங்கியதாக இல்லை. இழுப்புக் குறைந்ததாகவும் பெட்ரோல் வாசனை அடித்ததாகவும் இல்லை. கார் வந்த நாளிலிருந்து ஒரே மாதிரிதான் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறார். தவிரவும், மூன்று இன்ஜெக்டரும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு கெட்டுப்போவது நடக்கிற காரியமா? கெட்டால் பெரும்பாலும் ஒன்று கெடும். அப்போது எஞ்சின் நொண்டும், மஞ்சள் விளக்கு எரியும். கடிதத்தில் உள்ளபடி பார்த்தால், சீட்டுப் பணத்தைத் தொட வேண்டிய அவசியம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கடிதத்தை வைத்து எஞ்சினுக்கு வைத்தியம் செய்ய முடியாது. அவரும், அவரைப் போன்றவர்களும் செய்யக்கூடியது இதுதான்:

காலையில் ஸ்டார்ட் செய்தது முதல் இரண்டு நிமிஷம் கைப்பேசியில் அந்தச் சப்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒன்று, சூடானபின் ஒன்று. பானெட்டை மூடி வைத்து ஒன்று, திறந்து வைத்து ஒன்று.

அதே மாடல் கார் வேறொன்றின் பக்கத்தில் நின்று கேளுங்கள். ஷோரூமில் பரீட்சை ஓட்டத்துக்கு வைத்திருக்கும் காரே போதும். இரண்டும் ஒரே குரலில் பாடினால் பாதிக் கவலை தீர்ந்தது.

வாரண்டி முடியவில்லை என்றால் முதலில் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வெளியில் பிரிக்கவிட்டால் பிறகு வழக்காட வேண்டியிருக்கும்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும், "ஸ்கேனர் போட்டுப் பார்த்தீர்களா? என்ன கோளாறு காட்டுகிறது?" என்று கேளுங்கள். காரின் கம்ப்யூட்டர், தான் கண்ட கோளாறுகளைக் குறித்து வைத்திருக்கும். எந்த இன்ஜெக்டர், எந்தச் சோதனையில் தவறிற்று என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரிடம் வேலை கொடுக்காமல் இருப்பதே லாபம்.

ஒரு சந்தேகம் மிஞ்சும்: இந்த முறையில் குறையே கிடையாதா? உண்டு. வாசலில் தூவும்போது, பெட்ரோல் போகிற போக்கில் வால்வுகளைக் கழுவிவிட்டுப் போயிற்று. நேரே உள்ளே பீய்ச்சினால் அந்தக் கழுவல் இல்லை. ஆகவே நாளடைவில் வால்வின் முதுகில் கரி படியும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் திணறினால் இதுவும் காரணமாக இருக்கலாம். அதைச் சுத்தம் செய்யும் முறை வேடிக்கையானது. அக்ரூட் பருப்பு இருக்கிறதே, அதன் ஓட்டைப் பொடி செய்து, காற்றோடு சேர்த்து வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். கரியைச் சுரண்டும் அளவுக்கு ஓடு கடினம். உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை! பாத்திரம் துலக்கத் தேங்காய் நாரைத் தேர்ந்தெடுத்த நம் பாட்டிமார்களுக்கு இந்த யுக்தி புதிதாகத் தோன்றியிராது. டொயோட்டா போன்ற சில கம்பெனியார், வாசலில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு இன்ஜெக்டர் வைத்து இந்தச் சங்கடத்தைச் சமாளிக்கிறார்கள்.

இன்னொன்று: கடைத்தெரு வரையில், பள்ளிக்கூடம் வரையில் என்று சிறு சிறு ஓட்டமே ஓடும் காரில் எஞ்சின் சரியாகச் சூடாவதில்லை. கொஞ்சம் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் போய்க் கலந்துவிடும். மாதத்தில் இரண்டொரு தரமாவது காரை நீண்ட தூரம் ஓட்டுவதும், எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதும் இதற்கு மருந்து. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து, அளவு ஏறியிருக்கிறதா, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று பார்ப்பது ரசத்தில் உப்புப் பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை அல்ல.

"இந்தச் சப்தமெல்லாம் வேண்டாம், மின்சாரக் கார் வாங்கிவிடுகிறோம்" என்று சில வாசகிகள் சொல்லக்கூடும். நல்லதுதான். ஆனால் ஒரு சமாசாரம் கேளுங்கள். மின்சாரக் கார் சப்தமே இல்லாமல் வருவதால், தெருவில் நடப்பவர்களுக்கு, முக்கியமாகக் கண் தெரியாதவர்களுக்கு, ஆபத்தாகப் போயிற்று. ஆகவே ஐரோப்பிய நாடுகளில், மெதுவாகப் போகும்போது அது செயற்கையாக ஒரு சப்தம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். 2021-ம் வருஷம் ஜூலை முதல் அங்கே விற்கும் புது மின்சாரக் கார்கள் எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. சப்தத்தை ஒழிக்க நூறு வருஷம் பாடுபட்டவர்கள், இப்போது சப்தத்தை விலை கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள்!

ஆகையால் சகோதரிகளே, நாளைக் காலையில் கார் கிளம்பும்போது ஒரு நிமிஷம் கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். இன்றைக்கு அது சௌக்கியமாக இருக்கும்போது போடும் சப்தத்தை மனத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், என்றைக்காவது குரல் மாறும்போது வீட்டில் முதலில் தெரிந்துகொள்வது நீங்களாகத்தான் இருக்கும். அப்போது "ஒன்றுமில்லை, பேசாமல் வா" என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வாரம்: டயரில் காற்று, எவ்வளவு, எப்போது?